அகதிகளின் தன்வரலாறுகள்: நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்

பவானிசாகரிலும் அறச்சலூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல்லாண்டுகளாக இருப்பதால், ஈழத்து அகதிகள் எழுதிய தன்வரலாறுகள் கொங்கு நாட்டு வாசகருக்குத் தொலைதூரத்துச் செய்திகள் அல்ல. ஆனாலும் அவற்றை விரும்பி வாசிக்கும் நம்மில் பலர் எழுதியவருக்குத் தீங்கு செய்கிறோம் என்று உணராமலே இருக்கிறோம்.

இந்தத் துயரம் எல்லோருக்கும் தெரியட்டும் என்று எண்ணி, ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவதே பெருந்தவறு. இந்நூல்களைப் பெரும்பாலும் சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சிடுகின்றன. அவை விற்றால்தான் மறுபதிப்பு வரும். வீட்டையும் காணியையும் விட்டு வந்தவருக்குத் தமது என்று எஞ்சிய உடைமை அந்த ஒரு நூலாகவே இருக்கக்கூடும். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: ஊரில் இன்னும் வாழும் உறவினருக்கு ஆபத்து நேருமென்று தோன்றினால், ஆசிரியர் மறுபதிப்பில் ஒரு பெயரை நீக்கலாம், தவறாக நினைவிலிருந்த ஒரு நாளைத் திருத்தலாம்; களவுக் கோப்போ அவர் கைவிட்ட பக்கத்தையே ஓயாமல் சுற்றவிடுகிறது.

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், அதாவது அரசு உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கிய நூல்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைக் கண்டு, இவையும் அப்படித்தான் என்று கருதுவோர் உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலின் உரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. அதற்காக இணையத்தில் உள்ளவை யாவும் திருட்டு என்று ஒதுக்கவும் வேண்டாம். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் ஈழத்து எண்ணிம நூலகத்தில் ஏராளமான நூல்களையும் இதழ்களையும் முறையாகவே வாசிக்கலாம். வாங்க இயலாதவர், மாவட்ட மைய நூலகத்தில் அந்நூலைக் கேட்டு எழுதிவைக்கலாம். ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வழக்கமான விலைக்கழிவும் கிடைக்கும்.

ஒருவரின் நூலை அனைவரின் வரலாறாக வாசிப்பதும் தவறே. 1983இல் படகேறியவரும் 1990இல் வந்தவரும் 2006க்குப் பின் வந்தவரும் கண்ட போர் ஒன்றல்ல. முகாம்களில் வாழ்வோருள் மலையகப் பூர்வீகத்தினர், அதாவது இலங்கை மலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழரின் வழிவந்தவர், பலர். யாழ்ப்பாணத்து நினைவு ஒன்று அவர்களுடைய இடப்பெயர்வைச் சொல்லிவிடாது. ஆகவே வாசித்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையிடத்தில் உடன் நிற்கும் முகாம்காரரிடம் "உங்களுக்கும் இப்படித்தான் நடந்ததா?" என்று வினவாதீர்கள், அவராகச் சொல்ல முற்படும் நாளில் உட்கார்ந்து கேளுங்கள்.