பழைய வீட்டை இடிக்கும் முன்

இலங்கை மலையகத்து ஹட்டனில் தாத்தா கட்டிய கருங்கல் வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்பலாம் என்று மாமா சொன்னார். நான் ஒரு மழைக்காலம் அவகாசம் கேட்டேன். நீங்களும் கேளுங்கள்.

சுவர் வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை போகட்டும். கண்ணாடி உடைந்தால் நிலமோ அத்திவாரமோ இன்னும் நகர்கிறது. எங்களுக்குச் சமையலறைத் துண்டு மட்டும் உடைந்தது. போய்ப் பார்த்தால், மழைத்தண்ணீர் ஓடும் பின்பக்கக் கானை இலை அடைத்து, தண்ணீர் முழுவதும் அத்திவாரத்துக்குள் இறங்கியிருந்தது. கானைத் திருத்தினோம், வீடு நின்றது.

சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

சரி, இடம் போதாதா? டவுனில் வாடகை வீடு தேடி அலைகிற குடும்பங்களைப் பார்க்கிறேன், அவர்களுக்கும் வீடு வேண்டும். பழைய சுவர்மேல் மாடி ஏற்றாமல், பின்வளவில் தனித்தூண் போட்டு இரண்டு மாடி கட்டுங்கள். மண்ணில் கை வைக்கும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதியும், அப்புறம் நகர சபை அனுமதியும் எடுங்கள். சரிவைச் செங்குத்தாக வெட்ட மட்டும் யாரையும் விடாதீர்கள்.