இரைப்பையில் இறுகி, குடலில் விரியும் ஜெல் மணிகள்: செய்து பார்ப்போம்

வேளாண்மை வெட்டுக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இடுப்பு நோவுக்கு டைக்ளோபெனக் குளிசை வாங்கி வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் பலர். அப்புறம் வயிற்றெரிவு. இப்படியான அழற்சி தணிக்கும் மருந்து இரைப்பைச் சுவரில் நேரே படாமல் குடலுக்குப் போக ஒரு வழி, சூழலின் பீஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) மாறும்போது தானும் மாறும் ஜெல். அதன் அடிப்படையை உயர்தர மாணவர் எவரும் மேசையில் வைத்தே பார்க்கலாம்.

தேவையானவை: சோடியம் அல்ஜினேற் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் தூள்), கல்சியம் குளோரைட், மஞ்சள்தூள், வினாகிரி, அப்பச்சோடா, ஊசி கழற்றிய சிரிஞ்ச். மருந்தாக மஞ்சள் நிற்கட்டும். அதிலுள்ள குர்குமின் தண்ணீரில் லேசில் கரையாது, மணிக்குள்ளேயே தங்கும். உண்மையான குளிசை வேண்டாம். மணிகளைச் சாப்பிடவும் வேண்டாம்.

முதலில், 100 மில்லிலீற்றர் வடிநீரைக் கலக்கிக்கொண்டே 2 கிராம் அல்ஜினேற்றைத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டிபடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் நம் கிணறுகளின் தண்ணீர் இதற்குச் சரிவராது. அதிலுள்ள கல்சியம் கரைசலை முன்கூட்டியே திரளவைக்கும். பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் போதும். அரித்த மஞ்சள் ஒரு சிட்டிகை சேர்த்து, குமிழி அடங்க ஓரிரவு மூடி வையுங்கள்.

அடுத்து, இன்னொரு 100 மில்லிலீற்றர் வடிநீரில் 2 கிராம் கல்சியம் குளோரைட். அதற்குள் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த கணமே ஒவ்வொரு சொட்டும் தோல் கட்டி உருளும். கல்சியம் அயன்கள் அல்ஜினேற் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பதால்தான் இது. கால் மணி நேரம் விட்டு, வடித்துக் கழுவினால் சவ்வரிசி போல மஞ்சள் மணிகள் கிடைக்கும்.

இனித்தான் முக்கியமான கட்டம். இரைப்பை அமிலத்துக்குப் பதிலாகச் சில மணிகளை வினாகிரியில் இரண்டு மணி நேரம் போடுங்கள். ஆய்வுகூடத்தில் இதே இரண்டு மணி நேரத்துக்கு 0.1 மோலர் ஐதரோகுளோரிக் அமிலம் பயன்படும். மணி கொஞ்சம் சுருங்கி இறுகும். வினாகிரியில் மஞ்சள் பெரிதாக இறங்காது. கழுவி, ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அதற்கு மாற்றுங்கள். அதன் பீஎச் ஏறத்தாழ 8, குடலைவிடச் சற்றுக் கூடதான். ஆனால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மணி ஊதும், விரலில் வழுக்கும், மெதுவாகத் தண்ணீர் மஞ்சளாகும்.

காரணம் அல்ஜினேற் சங்கிலியிலுள்ள காபொட்சிலிக் கூட்டங்கள், அதாவது அதன் அமிலப் பகுதிகள். பீஎச் 3.5 அளவுக்குக் கீழே அவை ஐதரசனைப் பிடித்துக்கொண்டு மின்னேற்றமின்றி இருக்கும், சங்கிலிகள் நெருங்கும். அதற்கு மேலே ஐதரசனை விட்டு எதிரேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். கூடவே சோடியம் அயன்கள் கல்சியத்தின் இடத்தைப் பிடிக்க, தண்ணீர் உள்ளே புகும்.

கடையில் வாங்கும், இரைப்பையில் கரையாமல் குடலில் கரையும் பூச்சுள்ள குடல்பூச்சுக் குளிசைகளும் பீஎச்சை நம்பியே வேலை செய்கின்றன. அவற்றை உடைத்தோ அரைத்தோ கொடுத்தால் அந்தப் பூச்சு வீண். பூச்சு இருந்தாலும் டைக்ளோபெனக் போன்ற மருந்து இரத்தத்தில் கலந்தபின் இரைப்பையைக் காக்கும் புரொஸ்ராகிளாண்டினைக் குறைக்கத்தான் செய்யும். ஆகவே அல்சர் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் போடக் கூடாது.

தண்ணீரில் நன்றாகக் கரையும் மருந்தென்றால் வெறும் அல்ஜினேற் மணியின் துளைகளால் கசிந்துவிடும். அதற்குத்தான் கைற்றோசான் பூச்சு. இறால் கோதிலிருந்து எடுக்கப்படும் பொருள் அது. ஐதான அசற்றிக் அமிலத்தில் கரைத்து, மணிகளைச் சில நிமிடம் ஊறவைத்து, அதே இரண்டு கிளாஸ் சோதனையைப் பூசாத மணிகளோடு பக்கத்தில் வைத்துச் செய்து பாருங்கள்.