பாலின ஆய்வை எந்தத் துறையிலிருந்தும் தொடங்குவது எப்படி?

பாலின ஆய்வு என்றதும் பல மாணவர்கள் தங்கள் துறையில் சாதித்த பத்துப் பெண்களின் பெயரைத் திரட்டி, ஆளுக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டியல் போட்டாயிற்று, அவ்வளவுதான். அந்தத் துறை யாரை எண்ணுகிறது, யாரை எண்ணாமல் விடுகிறது என்று கேட்கும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது.

கேள்வியை முதலில் சுருக்குங்கள். ‘பெண்களும் உழைப்பும்’ வெறும் தலைப்பு. ‘வீட்டுச் சமையல் ஏன் நாட்டு வருமானக் கணக்கில் வருவதில்லை?’ என்பது கேள்வி. அதை இரண்டு அல்லது மூன்று துறைகளிடம் கேளுங்கள். அதற்கு மேல் போனால் ஒரு பருவத்தில் முடியாது.

அடுத்து, அந்தத் துறையின் அலகு எது, அதாவது எதை ‘ஒன்று’ என்று எண்ணுகிறது என்று பாருங்கள். பொருளாதாரத்தில் அது பெரும்பாலும் குடும்பம். குடும்பத்தை ஓர் ஆளாக எண்ணிவிட்டால் உள்ளே யார் கையில் பணம், யார் தலையில் வேலை என்பது தெரியாது. சம்பளமில்லாத சமையலும் பிள்ளை வளர்ப்பும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேராது. யாருடைய நாள் எதில் கழிகிறது என்று பதியும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளில்தான் அவற்றைத் தேட வேண்டும். அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. அடுப்பைக் கவனித்துக்கொண்டே குழந்தையையும் பார்ப்பவரின் அந்த அரைமணி நேரத்தை, முதன்மை வேலையை மட்டும் பதியும் படிவம் ‘சமையல்’ என்று எழுதிக்கொள்ளும். குழந்தையைப் பார்த்தது காணாமல் போய்விடும். ஆகவே அட்டவணையைத் தொடுவதற்கு முன் படிவத்தைப் படியுங்கள்.

சராசரியை அப்படியே நம்பாதீர்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973இல் முதுநிலைக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்ததும் அந்த இடைவெளி ஏறக்குறையக் கரைந்துவிட்டது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். ‘அப்படியானால் பாகுபாடே இல்லை’ என்று இங்கே முடித்துவிடுவது அவசரம். அந்தத் துறைகளை நோக்கி அவர்களைத் தள்ளியது எது என்பது சமூகவியலுக்கும் கல்வியியலுக்கும் போக வேண்டிய கேள்வி.

மருத்துவக் கட்டுரை கையில் கிடைத்தால் ஆய்வு முறைப் பகுதிக்கு நேரே போங்கள்: எத்தனை பெண்கள், முடிவுகள் தனித்தனியே தரப்பட்டுள்ளனவா? சோல்பிடெம் என்ற தூக்க மருந்து பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுவதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அவர்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. மருந்து சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழித்து!

சட்டத்தில் வகைகளுக்கு இடையிலான இடுக்கைத் தேடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கில், இனப் பாகுபாட்டையும் பால் பாகுபாட்டையும் சேர்த்துக் கோர முடியாது என்று 1976இல் நீதிமன்றம் சொன்னது. பெண்கள் என்று பார்த்தால் வெள்ளையினப் பெண்கள் வேலையில் இருந்தார்கள்; அதனால் பால் பாகுபாடு இல்லை என்றாகிவிட்டது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எடுத்துப் பேசியது இந்த இடுக்கைத்தான்.

நூலகத்தில், நூல்களை எண்ணிட்டு அடுக்கும் டியூவி வகைப்பாட்டில் பெண்களுக்கான 305.4 அலமாரியோடு திரும்பிவிடாதீர்கள்; மற்றவை வரலாறு, மருத்துவம், சட்டம் என்று சிதறிக் கிடக்கும். பழைய நூல்களின் சொல்லடைவில் ‘பெண்’ இல்லாவிட்டால் விதவை, சீதனம், செவிலி, நூற்பு என்று தேடுங்கள். பதிவேடுகளில் பலர் ‘இன்னாரின் மனைவி’ என்றே இருப்பார்கள். கணவன் பெயரைப் பிடித்தால்தான் ஆள் கிடைப்பார்.

பால் உடல் சார்ந்தது, பாலினம் சமூகம் வகுத்தது. நம் படிவங்கள் இரண்டுக்கும் ‘பாலினம்’ என்றே போட்டுவிடுவதால், ஒவ்வொரு தரவுக்கும் எது அளக்கப்பட்டது, தேர்ந்தெடுக்க எத்தனை கட்டங்கள் தரப்பட்டன என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். ஆண்களும் பாலினத்துக்குள்தான் வருகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுத உட்காரும்போது ஒரே தாளில் துறை, அலகு, சான்று, விடுபட்டவர் என்று நான்கு நெடுவரிசைகள் போட்டு, துறைக்கு ஒரு வரி எழுதுங்கள். இரண்டு துறைகளின் பதில்கள் எந்த இடத்தில் மோதுகின்றனவோ, கட்டுரையின் முதல் பத்தியை அங்கிருந்து எழுதுங்கள்.