பின் டிஃப் ஆயில் மாற்ற வேண்டுமா? முதலில் மேல் ப்ளக்கைக் கழற்றுங்கள்

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் பழைய சுபாரு இம்பிரெஸாக்களில் எஞ்சின் ஆயில் நேரத்துக்கு மாறியிருக்கும். பின் டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப்; இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) ஆயில் மட்டும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் பின்பக்கம் போகும் விசை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குத் தேவைப்படுவது 0.8 லிட்டர் ஆயில்தான். புதிதாகக் கை வைப்பவர்களுக்கு இது மிகப் பொருத்தமான வேலை. இங்கே தரும் அளவுகள் 2000 முதல் 2007 வரை வந்த இம்பிரெஸாவுக்கு (எஸ்டிஐ ரகம் தவிர) உரியவை. வேறு வண்டியானால் அதன் கையேட்டைப் பாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்க அனுமதி இல்லை. தரைவீட்டின் சமதளமான வாசலிலோ வாடகைக்கு எடுத்த வொர்க்‌ஷாப் இடத்திலோ செய்யுங்கள்.

ஆயிலுக்கு முன் டயர்

டயர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் எந்த ஆயிலும் இந்த வண்டியைக் காப்பாற்றாது. நான்கிலும் வரிப்பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். ஆழத்தில் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் 6 மி.மீ.-க்குச் சற்று மேல் வித்தியாசம் வரும். சுபாரு அனுமதிக்கும் எல்லையே ஏறத்தாழ அவ்வளவுதான். அதைத் தாண்டினால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பகிரும் நடு கிளட்ச் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வழுக்கிச் சூடாகித் தேயும். சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும் என்று ஒரே ஒரு டயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

பஞ்சர் ஆனாலும் இதே கவனம் வேண்டும். சின்ன ஸ்பேர் டயரைப் பின்னால்தான் மாட்ட வேண்டும். முன் டயர் போயிருந்தால் பின் டயர் ஒன்றை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்பேரைப் பின்னால் போடுங்கள். ஆட்டோ கியர் மாடல்கள் பலவற்றில் எஞ்சின் அறையில் ‘எஃப்டபிள்யூடி’ (முன் சக்கர இயக்கம்) என்று குறித்த காலி ஃபியூஸ் இடம் இருக்கும். அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின் சக்கரங்களுக்குப் போகும் விசை நிற்கும். ஸ்பேரைக் கழற்றியதும் ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள்.

தேவையானவை

ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஒரு லிட்டர், அரை அங்குல ராட்செட், நீளக் கைப்பிடி, ஆயில் பம்ப் அல்லது புனலோடு ஒரு மீட்டர் தெளிவான குழாய், பழைய ஆயில் பிடிக்கத் தட்டு, கையுறை, ஜாக் ஸ்டாண்டு நான்கு. டிஃப் மூடியில் ‘எல்எஸ்டி’ (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) என்று ஒட்டியிருந்தால் அதற்கு ஏற்றது என்று புட்டியில் எழுதியிருக்கும் ஆயிலையே வாங்குங்கள்.

செய்முறை

பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான ஆயில் இளகி, அடியில் படிந்த துகளையும் சேர்த்துக் கொண்டுவரும். பக்கத்திலேயே புகைக்குழாய் போகிறது; அது கொதிக்கும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை நான்கு ஸ்டாண்டிலும் மட்டமாக நிறுத்துங்கள். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் முன்னோக்கிச் சாயும். ஊற்றும் துளை பின்பக்கம் இருப்பதால் அளவுக்கு மேல் ஏறிவிடும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: இரண்டு சக்கரம் மட்டும் தரையில் இருக்கும்போது எஞ்சினை ஓட்டி கியர் போட்டால், வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்து இறங்கிவிடும்.

டிஃப்பின் பின்முகத்தில் இரண்டு ப்ளக் இருக்கும். மேலே உள்ளது ஊற்றுவதற்கு, கீழே உள்ளது வடிப்பதற்கு. இரண்டின் நடுவிலும் சதுரக் குழி. அதில் அரை அங்குல ராட்செட்டின் முனை அப்படியே பொருந்தும். பல வருடச் சேறு அந்தக் குழியில் கல்லாக இறுகிக் கிடக்கும். சிறிய ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, அடித்தளத்து உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். முனை பாதிதான் இறங்கியிருக்கிறது என்ற நிலையில் முறுக்கினால் குழியின் ஓரம் உருண்டு போகும். பிறகு ப்ளக்கை எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

மேல் ப்ளக் கழன்ற பிறகே கீழே உள்ளதைத் தொடுங்கள். ஆயிலை வடித்துவிட்டு மேல் ப்ளக் அசையாது என்று தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்; ஊற்ற வழியே இல்லை.

வடியும் ஆயிலைப் பாருங்கள். கறுப்பு நிறம் கவலைக்குரியது அல்ல. பால் கலந்த காப்பி போல வெளிறியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயில் சீல், காற்றுத்துளை இரண்டையும் சோதிக்க வேண்டும். ப்ளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானம். விரலுக்கு நெருடும் இரும்புச் சில்லு இருந்தால் ஒரு பல் உடைந்திருக்கலாம். பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

கீழ் ப்ளக்கில் வாஷர் இருந்தால் புதிதாகப் போடுங்கள். இல்லாவிட்டால் மரையைத் துடைத்து, மெல்லியதாக சீலன்ட் தடவி, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். இனி மேல் துளை வழியாக நிதானமாக ஆயிலை ஏற்றுங்கள். துளையின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி மேல் ப்ளக்கையும் பூட்டிவிடலாம். அரை லிட்டரிலேயே வழிந்தால் பழையது முழுதாக வடியவில்லை, அல்லது வண்டி சாய்ந்து நிற்கிறது. கந்தக வாடை கையில் ஒரு நாள் நிற்கும். கையுறை அதற்கும் சேர்த்துத்தான்.

பழைய ஆயிலைப் புட்டியில் அடைத்து, வாங்கிக்கொள்ளும் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கால்வாயில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது

காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, நடக்கும் வேகத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பின்னால் யாரோ பிரேக் பிடிப்பது போல வண்டி இழுத்து இழுத்துத் துள்ளினால் அது பெரும்பாலும் நடு கிளட்ச்சின் கோளாறு. பின் டிஃப் ஆயிலால் சரியாகாது. வொர்க்‌ஷாப்புக்குப் போனால் ‘திருப்பத்தில் இறுக்குகிறது’ என்று சொல்லுங்கள், டயர் அளவுகளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

மறுநாள் காலை இரண்டு ப்ளக்கையும் வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். கசிவை அங்கே போய்த் தெரிந்துகொள்வதைவிட இங்கேயே பார்த்துவிடலாம்.