புது ஆம்ப்ளிஃபயரும் 'ம்ம்ம்' இரைச்சலும்

புது ஆம்ப்ளிஃபயரில் குரல் தெளிவு பிரமாதம், பேஸும் குழையவில்லை. ஆனால் பாட்டு நின்றால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடியது. லேப்டாப்பிலிருந்து வரும் ஆடியோ கேபிளைப் பிடுங்கினேன், அமைதி. சரி, ஆம்ப்ளிஃபயர் மேல் குற்றமில்லை. கேபிளை மறுபடி செருகி, லேப்டாப் சார்ஜரை மட்டும் கழற்றினேன். இரைச்சல் சட்டென்று நின்றது.

அப்போது இது கிரவுண்ட் லூப்தான். இரண்டு கருவிகளின் எர்த்தும் ஆடியோ கேபிளின் உறை வழியாகச் சேர்ந்து, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் உள்ளே புகுந்துவிடுகிறது. எர்த் பின்னைத் துண்டிக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியதும் பாதி குறைந்தது. அப்புறம் ஆடியோ கேபிளின் நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரைப் போட்டேன். உள்ளிருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஒலியை மட்டும் கடத்துகிறது. இரைச்சல் போயே போச்சு. அடிபேஸ் ஒரு துளி மெலிந்த மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. டிவிக்கு ஆப்டிகல் கேபிள்; அது ஒலியை மின்சாரமாக இல்லாமல் ஒளியாகக் கடத்துவதால் அங்கே இந்தத் தொல்லையே இல்லை.