சைக்கிள் எஞ்சினுக்கு எத்தனை பல்? ஸ்பிராக்கெட் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளில் பூட்டும் 2 ஸ்ட்ரோக் எஞ்சின் கிட்டில் (80 சிசி என்று விற்பார்கள், உண்மையில் 66 சிசி) பெரும்பாலும் பின்னால் 44 பல், எஞ்சின் பக்கம் 10 பல் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) வரும். வண்டி ஓடத் தொடங்கியதுமே "பின்னால் 36 பல் மாட்டினால் பறக்கும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மாட்டிய பிறகு சின்ன மேம்பாலம் ஏறுவதற்குள் எஞ்சின் திணறும், கிளட்ச் தீய்ந்த வாடை வரும். பழி எஞ்சின் மேல் விழும்.

கணக்கிலேயே பலர் சறுக்குகிறார்கள். 44-ஐ 10-ஆல் வகுத்து 4.4 என்று நிறுத்திக்கொள்கிறார்கள். எஞ்சினுக்குள் இருக்கும் 20 பல், 82 பல் கியர் ஜோடி சுற்றை முன்பே 4.1 மடங்கு குறைத்துவிடுகிறது. இரண்டையும் பெருக்க வேண்டும்: 18.04. ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) இதனால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவாலும் (மீட்டரில்) 0.06-ஆலும் பெருக்கினால் வேகம் கிடைக்கும். 26 அங்குல சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.07 மீட்டர் உருளும். 4500 ஆர்பிஎம்மில் மணிக்கு 31 கி.மீ. அதே ஆர்பிஎம்மில் 36 பல் 38 கி.மீ. காட்டும். ஆனால் அது தாளில் மட்டும்தான். வேகம் ஏற ஏற எதிர்காற்று மிக வேகமாக வளரும். அதைத் தள்ளும் சக்தி எஞ்சினிடம் இல்லையென்றால் ஆர்பிஎம் இறங்கும், இறங்கினால் சக்தி இன்னும் குறையும். 44 பல்லில் ஓடியதைவிட மெதுவாக ஓடும் 36 பல் வண்டிகள் உண்டு.

சக்கர அளவை மறப்பது நம்மூர் ரோட்ஸ்டர் சைக்கிளில் அதிகம் நடக்கும். 28 அங்குல சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.24 மீட்டர். எதையும் மாற்றாமலே கியர் 8 சதவீதம் கனத்துவிடுகிறது. 26 அங்குலத்தில் 44 பல் தரும் இழுவை வேண்டுமானால் இதில் 48 பல் போட வேண்டும். டயரில் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டி, டேப்பால் அளப்பதே சரி. ரோட்ஸ்டரின் கம்பி பிரேக் மழையில் எப்படிப் பிடிக்கும் என்பதையும் நினைத்துக்கொண்டு வேகத்தைத் தீர்மானியுங்கள். இந்தியாவில் 25 சிசியைத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம், சைக்கிள் அல்ல.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மேட்டுக்குப் பயந்து 56 பல் மாட்டினால் 26 அங்குல சக்கரத்தில் 4500 ஆர்பிஎம்முக்கு 24 கி.மீ.தான். சமதளத்தில் எஞ்சின் அலறும், நட்டு போல்ட் எல்லாம் கழலும். இறக்கத்தில் திராட்டிலை (ஆக்சிலேட்டரை) மூடிக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம்: பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில் குறைந்துவிட, பிஸ்டன் மட்டும் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 56 பல் ஸ்பிராக்கெட் 44-ஐவிட ஆரத்தில் 24 மி.மீ. பெரிது, பிரேமின் கீழ்க்குழாயில் உரசுகிறதா என்று வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

பின்னால் கைவைக்கச் சோம்பல்பட்டு முன் ஸ்பிராக்கெட்டை மாற்றுகிறவர்களுக்கு: ஒரு பல்லே பெரிய மாற்றம். 11 பல் போட்டால் பின்னால் 40 போட்டதற்குச் சமம். 9 போட்டால் ஏறத்தாழ 49. ஆனால் 9 பல்லில் செயின் மிகவும் மடங்கிச் சீக்கிரம் தேயும். 11-இல் எஞ்சின் பக்க மூடிக்கும் செயினுக்கும் இடையே இடைவெளி போதாமல் போகலாம்.

சமதள ஊரில் ஒற்றை ஆளுக்கு 26 அங்குலத்தில் பின்னால் 40 முதல் 44, மேடும் சுமையும் இருந்தால் 48 அல்லது 50. இதைத் தாண்டிப் போக வலுவான காரணம் வேண்டும்.

பல் மாறினால் செயினும் மாறும். 8 பல் வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 4 கண்ணி. 44-இலிருந்து 36-க்குப் போய்விட்டுச் செயினை வெட்டாமல், மிச்சத் தொய்வை டென்ஷனரை (செயினை அழுத்திப் பிடிக்கும் உருளை) இறுக்கிச் சமாளிப்பதுதான் இவற்றில் ஆபத்தானது. சுமை தாங்காமல் டென்ஷனர் திரும்பி ஸ்போக்ஸ் கம்பிக்குள் புகுந்தால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். கண்ணியைக் குறைத்து, நடுவில் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. ஆடும்படி வையுங்கள். ஸ்பிராக்கெட்டின் 9 போல்ட்டையும் வரிசையாக இல்லாமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஸ்பிராக்கெட் நெளியாமல் ஓடினால் மட்டும் செயினை மாட்டுங்கள்.