எழுத்தை வைத்து ஆங்கிலச் சொற்களைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

க்யூவில் தொடங்கும் சொற்கள், எக்ஸ் இடம்பெறும் சொற்கள், ஒலிக்காத எழுத்துகள் கொண்ட சொற்கள் என்று எழுத்தின்படி தொகுத்த பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பொருளோடு மனப்பாடம் செய்வது சொல்வளத்தைப் பெருக்கப் பலரும் கையாளும் வழி. வழியில் குற்றமில்லை, எழுத்தைப் பார்த்தாலே ஒலியும் பொருளும் பிடிபட்டுவிடும் என்று நம்பும்போதுதான் பிழைகள் புகுகின்றன.

அவற்றுள் முதன்மையானது, உச்சரிப்பைத் தமிழில் குறித்துக்கொண்டு ஆங்கில எழுத்துக்கூட்டலை விட்டுவிடுவது. என் பழைய குறிப்பேடு ஒன்றில் 'பேக்' என்ற சொல் நான்கு இடங்களில் இருக்கிறது: ஓரிடத்தில் பை, ஓரிடத்தில் முதுகு, ஓரிடத்தில் மூட்டை கட்டுதல், ஓரிடத்தில் அடுப்பனலில் சுடுதல். ஆங்கிலத்தில் இவை நான்கும் வெவ்வேறு எழுத்தும் வெவ்வேறு ஒலியும் உடையவை. தமிழில் ஒரே ககரம் சொல்லில் நிற்கும் இடத்துக்கு ஏற்ப வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் ஒலிப்பதால் நமக்குத் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இடம் எதையும் சொல்லாது, எழுத்துதான் சொல்ல வேண்டும். அந்த மொழியின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும்கூட நாம் 'பி' என்றே எழுதுகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் குழப்பத்தின் அளவு விளங்கும்.

ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடும் இணைச்சொற்களைப் பொருளோடு பொருத்தாமல் படிப்பது அடுத்த தவறு. 'ஸ்டேஷனரி' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஆர் எழுத்துக்கு முன் ஏ வந்தால் நகராமல் நிற்பது என்று பொருள், ஈ வந்தால் தாள், பேனா முதலிய எழுதுபொருள்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி விற்காமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்த புத்தக வணிகரை 'ஸ்டேஷனர்' என்றார்கள். அவர் விற்ற பொருள்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 'ஸ்டேஷனர்' என்பதை ஈ போட்டு எழுதுவதை நினைவில் வைத்தால் எழுதுபொருளுக்கும் ஈதான் என்பது தானே வந்துவிடும். 'காம்ப்ளிமெண்ட்' என்பதும் அப்படியே: எல் எழுத்துக்குப் பின் ஐ வந்தால் பாராட்டு, ஈ வந்தால் ஒன்றை நிறைவு செய்வது, முழுமை என்னும் பொருளுடைய 'கம்ப்ளீட்' சொல்லிலும் அதே இடத்தில் ஈ இருக்கிறது.

'அட்வைஸ்' சொல்லில் சி வந்தால் அறிவுரை என்னும் பெயர்ச்சொல். எஸ் வந்தால் அறிவுரை கூறு என்னும் வினைச்சொல், அதன் ஈற்றொலியும் இசட் போலாகும். இந்தப் பாகுபாட்டை 'பிராக்டிஸ்' சொல்லுக்கும் பிரிட்டிஷ் வழக்கு கடைப்பிடிக்கிறது. அமெரிக்க வழக்கோ பெயருக்கும் வினைக்கும் சியையே எழுதுகிறது. ஆகவே அமெரிக்க நூலொன்றில் அந்த வினைச்சொல்லைக் கண்டு அச்சுப்பிழை என்று திருத்த முனைய வேண்டாம். ஒரே கட்டுரையில் இரு வழக்கையும் கலந்து எழுதுவதுதான் பிழை.

ஒலிக்காத எழுத்தைப் பயனற்ற சுமையாகக் கருதுவதும் சரியன்று. கடன் என்னும் பொருளுடைய 'டெட்' சொல்லில் ஒலிக்காத பி ஒன்று உண்டு. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்து அதில் இல்லை. இலத்தீன் மூலத்தைக் காட்ட விரும்பிய அறிஞர்கள் பிற்பாடு செருகியது அது. 'டெபிட்' என்னும் உறவுச்சொல்லில் அதே எழுத்து வாய்விட்டுப் பேசுகிறது. 'சைன்' சொல்லில் மௌனமாக இருக்கும் ஜி 'சிக்னேச்சர்' சொல்லிலும், 'ஆட்டம்' என்னும் இலையுதிர்காலத்தின் ஈற்றில் மௌனமாக நிற்கும் என் 'ஆட்டம்னல்' சொல்லிலும் ஒலிக்கின்றன. இப்படிக் குடும்பமாகப் படித்தால் எழுத்துக்கூட்டல் மறக்காது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சொல்லின் எஸ் இதற்கு ஒரு விலக்கு: தொடர்பில்லாத இலத்தீன்வழிச் சொல்லோடு சேர்த்து எண்ணியதால் தவறுதலாகக் குடியேறிய எழுத்து அது.

விதிகளை முற்றிலும் நம்பவும் கூடாது. க்யூவை அடுத்து யு வரும் என்பார்கள்; கத்தார், ஈராக், புர்கா ஆகியவற்றின் ஆங்கில வடிவங்களில் வராது. தாளம் என்னும் 'ரிதம்', புராணக்கதை என்னும் 'மித்' ஆகிய சொற்களில் உயிரெழுத்து இல்லை என்று சில பட்டியல்கள் வியக்கின்றன. அங்கே ஒய் உயிரொலியைத் தருகிறது, இல்லாதது எழுத்துதானே தவிர ஒலியன்று.

தொடக்க எழுத்துகளைக் கொண்டு பொருளை ஊகிப்பது எல்லாவற்றினும் ஆபத்தானது. 'இன்' எதிர்மறையைக் குறிக்கும் என்று எண்ணி 'இன்ஃப்ளேமபிள்' என்பதற்குத் தீப்பற்றாதது என்று பொருள் கொள்பவர்கள் உண்டு; அதன் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. 'இன்வேல்யுவபிள்' மதிப்பற்றதைக் குறிப்பதில்லை, விலைமதிக்க முடியாததைக் குறிக்கிறது.

பட்டியலில் இருப்பதாலேயே ஒன்றைச் சொல்லென்று ஏற்பதும் கூடாது; அகராதியே இதில் சறுக்கியிருக்கிறது. டி என்னும் எழுத்தைப் பெரியதாகவோ சிறியதாகவோ எழுதி 'அடர்த்தி' என்பதற்குச் சுருக்கக்குறியாகக் கொள்ளலாம் என்று, இரண்டுக்கும் நடுவே 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' என்னும் ஆங்கில இணைப்புச்சொல்லை இட்டு எழுதிய சீட்டு ஒன்று, வெப்ஸ்டர் அகராதியின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டோர்ட்' என்ற தனிச்சொல்லாக அச்சேறியது. அதற்கு வேர்ச்சொல் விளக்கம் இல்லையே என்று பதிப்பாசிரியர் ஒருவர் கவனித்தது 1939-இல்தான்.